ஈயின் பத்து நாட்கள்

கோடைமழை பெய்து ஓய்ந்த மறுநாள், தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் செம்பாக்கத்திலும் வீட்டுக் குப்பைக்கூடையின் மூடியைத் திறப்பவர்கள், உள்ளே நெளியும் வெண்புழுக்களைக் கண்டு அருவருத்து, அழுகிய பண்டமே புழுவாகிவிட்டது என்று எண்ணுவது இன்றும் வழக்கமாயிருக்கிறது. இந்த அபிப்பிராயம் பிழையென்பதை, 1668-ல் பிரான்செஸ்கோ ரெடி என்ற இத்தாலிய மருத்துவர், சில ஜாடிகளில் மாமிசத்தைத் திறந்தும் சிலவற்றில் மெல்லிய துணியால் மூடியும் வைத்து, ஈ எட்டிய மாமிசத்தில் மட்டுமே புழு உண்டாவதைப் பிரத்தியட்சமாகக் காட்டி நிரூபித்தார்.

வீட்டு ஈ, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள வெண்ணிற முட்டைகளை, ஒரு தடவைக்கு நூறு அளவில், சோற்று மிச்சத்திலோ சாணத்திலோ மீன்கழிவிலோ இடுகிறது; நம் பிரதேசத்து வெப்பத்தில் அவை ஒரே நாளுக்குள் பொரிகின்றன; பொரிந்த புழு நாலைந்து நாள் தின்று பருத்தபின், உலர்ந்த இடம் தேடிக் குப்பைத்தொட்டியை விட்டு வெளியேறி, அருகிலுள்ள மண்ணிலோ சுவர் இடுக்கிலோ புகுந்து, பழுப்புநிறக் கூட்டுப்புழுவாகி, மேலும் நாலைந்து நாளில் ஈயாகப் பறக்கிறது. ஆகவே ஈரக்கழிவு மூன்று நாளுக்குள் அகற்றப்படுமானால் புழு மண்ணை அடையவே வழியில்லை. தொட்டியைக் காலிசெய்து, சுற்றிலும் பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போவது கண்ணுக்குத் திருப்தியளிக்கலாம். மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழுவை அது எட்டுவது அரிது. தொட்டியடியில் நைந்து கிடக்கும் மண்ணையும் வாரியெடுக்கும்படி குப்பை எடுப்பவரிடம் சொல்ல வேண்டும்.

ஈ பரப்பும் டைபாய்டும் சீதபேதியும் பலர் அறிந்தவை. புண்ணில் புழு வைப்பதைப் பற்றி நாம் போதிய சிரத்தை கொள்வதில்லை. நீரிழிவினால் உணர்ச்சி மங்கிய பாதத்தின் புண்ணிலும், படுக்கையிலேயே கிடக்கும் முதியோரின் மூக்கிலும் சில ஜாதி ஈக்கள் முட்டையிடுவதுண்டு. இதை அவமானமென்று மறைக்காமலும், மண்ணெண்ணெய் முதலியவற்றை ஊற்றாமலும், அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து 2021 நவம்பரில் உருவான தாம்பரம் மாநகராட்சிக்கு, வீடுதோறும் வந்து குப்பை எடுப்பது கருணையன்று, கடமை. ஈரக்கழிவையும் உலர்கழிவையும் பிரித்துக் கொடுப்பது நமது கடமை என்று 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் விதித்தன. ரத்லம் நகராட்சி வழக்கில் 1980-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், நிதியில்லை என்று கூறி நகரசபை சுகாதாரக் கடமையிலிருந்து தப்ப முடியாது என்று திட்டமாகச் சொல்லியிருக்கிறது. அவ்வழக்கிற்கு ஆதாரமாயிருந்த பொதுத்தொல்லை நீக்கும் அதிகாரம், இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 152-ஆம் பிரிவில் இருக்கிறது. மாநகராட்சிச் சுகாதார அலுவலரிடமும் முதல்வரின் 1100 உதவி எண்ணிலும் முறையிட்டுப் பயன் காணாதவர்கள், அப்பிரிவின்படி கோட்டாட்சியரிடம் மனுச் செய்யலாம்.

உணவில் புழு காண்பது வேறு விஷயம். மாம்பழத்தைப் பிளந்தவுடன் துள்ளும் புழு, காய் முற்றும் பருவத்திலேயே தோலைத் துளைத்துப் பழ ஈ இட்ட முட்டையின் விளைவாதலால், தள்ளுவண்டிக்காரரைக் கோபிப்பதில் நியாயமில்லை. ஆனால் சமைத்து விற்ற உணவில் புழு இருந்தால், 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 54-ஆம் பிரிவின்படி ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. உணவைக் கொட்டிவிடாமல் மூடிவைத்து, படமெடுத்து, ரசீதோடு உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்ட நியமன அலுவலரிடம் புகார் கொடுக்க வேண்டும். நஷ்டஈடு கோருவோர் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். செலுத்திய விலை ஐந்து லட்சத்துக்கு மேற்படாத வழக்குக்குக் கட்டணமே இல்லை.

எந்தப் புகாரையும் வாய்மொழியாகச் சொல்லி நிறுத்தாமல், எழுத்தில் கொடுத்து, தேதியோடு ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். குப்பை பற்றிய புகாரை, அது எடுக்கப்படாத மூன்றாம் நாளே கொடுங்கள்.