மான் வேட்டைக்கு எந்த வில்?

சென்ற வாரம் வகுப்பில் பாளையக்காரர் சரித்திரம் நடந்துகொண்டிருந்தது. கடைசி வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "ஸார், மான் வேட்டைக்குக் குறுக்குவில் வாங்குவதானால் எது நல்லது?" என்று கேட்டான். வகுப்பு கொல்லென்று சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓட்டப்பிடாரத்துப் பிள்ளை கேட்கவேண்டிய கேள்விதான் அது. கூப்பிடு தூரத்தில் பாஞ்சாலங்குறிச்சி. தென்மேற்கே வல்லநாட்டுக் குன்றுகளில் மான் கூட்டம்.

குறுக்குவில் என்பது துப்பாக்கிக் கட்டை போன்ற தண்டின்மேல் வில்லைக் குறுக்கே பொருத்திய கருவி. நாணை இழுத்து மாட்டி, விசையை அழுத்தினால் அம்பு பாயும். இங்கிலாந்து மன்னன் முதலாம் ரிச்சர்டு 1199-இல் மாண்டது இந்த அம்பு பட்டுத்தான். நம்மவர்க்கும் விற்பொறி புதிதன்று. மதுரை மதிலைக் காத்த பொறிகளுள், தானே வளைந்து எய்யும் வில்லொன்றைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. ஆனால் அது கோட்டைக்கு ஆனது. தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போகிற சாமான் அல்ல.

தென்பாண்டிச் சீமையில் வேட்டைக்குப் போனவன் கையில் இருந்தது வளரி. பிறை வடிவமான தடி. வைரம் பாய்ந்த மரத்தில் செய்வது வழக்கம், இரும்பிலும் உண்டு. ஒரு முனை கனம், மறுமுனை இலேசு. இலேசான முனையைப் பிடித்து, தோளுக்கு மேல் இரண்டு மூன்று முறை சுழற்றி வீசவேண்டும். கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி தமக்கு வளரி வீசக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்றும், தேர்ந்த கையில் அது 100 கஜத்துக்குள் குறி தப்பாது என்றும் 1830-இல் வெளியான தம் நூலில் எழுதியிருக்கிறார். அந்தக் குருவை எதிர்த்தே 1801-இல் அவர் போரிட நேர்ந்தது. அவ்வாண்டு மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி இரண்டாம் முறை வீழ்ந்தது. அக்டோபரில் திருப்பத்தூரில் மருது சகோதரர் தூக்கிலிடப்பட்டனர். அப்பால் கும்பினியார் பாளையங்களின் ஆயுதங்களைப் பறித்தார்கள்.

ஆயுதத்தைப் பறித்தால் வித்தையும் போய்விடுகிறது. 1909-இல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் நூலில், வளரி வல்லுநர் எவரும் தம் சமஸ்தானத்தில் இப்போது இல்லையென்று புதுக்கோட்டைத் திவான் தெரிவித்திருக்கிறார். முயலுக்கும் காட்டுக்கோழிக்கும் எப்போதாவது வீசுவார்களாம், அவ்வளவே. நூறாண்டுக்குள் ஒரு கலை இப்படிக் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. எனக்கு இதில் தீராத வருத்தம்.

மான்களின் கதை வேறு. வல்லநாட்டில் இருப்பது வெளிமான். முறுக்கிய கொம்பும் கரிய முதுகுமாக ஆண் மான் நிற்கும் அழகே தனி. கொம்பை ஆண்டுதோறும் உதிர்க்காததால் சாஸ்திரக்காரர்கள் இதைப் புள்ளிமான் குடும்பத்தில் சேர்ப்பதில்லை. தமிழன் எல்லாவற்றையும் மான் என்றே அழைக்கிறான், பாதகமில்லை. 1987-இல் அங்கே சுமார் 16 சதுர கிலோமீட்டர் நிலத்தைச் சரணாலயமாக்கினார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி வெளிமானைக் கொன்றவனுக்கு மூன்றாண்டுக்குக் குறையாத சிறை. ஏழாண்டு வரையும் போகலாம். குறுக்குவில்லானாலும் வளரியானாலும் தண்டனை ஒன்றே.

இவ்வளவையும் கேட்டபின் பையன், "அப்படியானால் வளரியை எறிந்தாவது பார்க்கலாமா, ஸார்? மான்மேல் இல்லை, பனைமரத்தின்மேல்" என்றான். ஊர்த் தச்சரிடம் கருவேல வைரம் கேட்டிருக்கிறேன். வல்லநாட்டுக்கு அடுத்த மாதம் போகிறோம். பள்ளிக்கூடத்துத் தூரதிருஷ்டிக் கண்ணாடியில் ஒரு பக்கம் மங்கல். மறு பக்கம் தெளிவாகவே தெரிகிறது.