மந்தத்தில் நின்றவர் மீட்சியில் போவது ஏன்?

வியாபாரம் சூடு பிடிக்கும் நேரத்தில்தான் கடையில் ஆள் நிற்பதில்லை என்று வணிகர்கள் பலரும் குறைப்படுகிறோம். மந்தமான நாட்களில் ஒழுங்காக இருந்தவர், விற்பனை கூடியதும் கணக்கு முடித்துக் கொண்டு போய்விடுகிறார். இதை நன்றி கெட்ட செயல் என்கிறோம். ஆனால் இதற்குப் பொருளாதாரக் காரணம் ஒன்று உண்டு.

சாதாரண காலத்தில் தொழிலாளி படிப்படியாக நகர்கிறார். சிறு மளிகைக் கடையில் பொட்டலம் கட்டப் பழகியவர் மொத்த மண்டிக்கு வருகிறார். மண்டியில் சரக்கின் தரமும் கணக்கும் அறிந்தவர் பெரிய நிறுவனத்தின் கிடங்குக்கோ சூப்பர் மார்க்கெட்டுக்கோ போகிறார். அவர் விட்ட இடத்துக்குக் கீழ்ப்படியிலிருந்து இன்னொருவர் வருகிறார். மந்தம் வந்ததும் பெரிய நிறுவனங்கள் புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்துகின்றன. மேலே இடமில்லாததால் அவரவர் நின்ற படியிலேயே நிற்கிறார்கள். அப்போது நம் ஆள் நம்மிடம் இருப்பது பாசத்தால் மட்டுமல்ல; வேறு கதவு திறக்கவில்லை என்பதாலும்தான்.

அமெரிக்காவில் தாமாக வேலையை விடுவோரை மாதந்தோறும் கணக்கெடுக்கிறார்கள். மந்தம் கடுமையாக இருந்த 2009இன் நடுவில் அந்த எண்ணிக்கை மாதத்துக்கு 20 லட்சத்துக்கும் குறைவு. மீட்சி வேகம் பிடித்த 2021 நவம்பரிலோ சுமார் 45 லட்சம். ஆக, ஆட்கள் தாமாக விலகுவது பெரும்பாலும் நல்ல காலத்தின் அடையாளம்.

நம் நாட்டில் 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஏராளமானோர் ஊர் திரும்பினர். மத்திய அரசின் கணக்கெடுப்பின்படி, வேலை செய்வோரில் விவசாயத்தில் இருந்தோர் 2018-19இல் 42.5 சதவீதம்; 2020-21இல் 46.5 சதவீதம். நகரத்தில் பிழைப்பு இழந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு நிலமே புகலிடம் ஆயிற்று.

நாமும் அப்போது ஒரு தவறு செய்தோம். ஓட்டல்களும் கல்யாண மண்டபங்களும் மூடியிருந்ததால் நம் மண்டியில் விற்பனை குறைந்தது, சம்பளத்தைக் குறைத்தோம். அதுகூடப் பரவாயில்லை. விற்பனை திரும்பிய பின்பும், கேட்கவில்லையே என்று பழைய சம்பளத்தைத் தர நான்கு மாதம் தாமதித்தோம். 2021 தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில், எடை போடுபவரும் கணக்கு எழுதுபவரும் விலகினார்கள். எந்தக் கடைக்காரர் எந்த ரகம் வாங்குவார், யாருக்கு எவ்வளவு கடன் தரலாம் என்பதெல்லாம் அவர்களோடு போயிற்று. சம்பளத்தில் மிச்சம் பிடித்ததைவிடக் கைநழுவிய வியாபாரம் அதிகம்.

ஆகவே ஆளைத் தக்க வைக்கும் வேலை மந்த காலத்திலேயே தொடங்க வேண்டும். சம்பளம் குறைக்க நேர்ந்தால் நிலைமையை வெளிப்படையாகச் சொல்லி, எப்போது பழையபடி தருவோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். விற்பனை ஏறியதும் அவர் கேட்கும் முன்பே கொடுக்க வேண்டும். முன்பணம் கொடுத்துக் கட்டிப் போடலாம் என்பது வீண் எண்ணம். புதிய முதலாளியே அதை அடைத்து அழைத்துப் போவார். கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என 2021இல் தமிழகத்தில் சட்டம் வந்தது. அத்தகைய சிறு வசதிகளையும் அவர்கள் எடை போட்டுப் பார்க்கிறார்கள்.

அப்படியும் சிலர் போகத்தான் செய்வார்கள். பெரிய நிறுவனம் தரும் சம்பளத்தை நம்மால் எப்போதும் தர இயலாது. போகிறவரைக் கணக்குத் தீர்த்து, நல்ல வார்த்தை சொல்லி அனுப்புவோம். அடுத்த மந்தத்தில் அவர் திரும்பி வரக்கூடும். வெள்ளம் வருமுன் அணை போடுவதே வியாபாரிக்கு அழகு.