ஃபைட்டரும் நானும் ஒரே ரூமில்

பாங்காக்கில் படிக்க வந்துட்டு மீன் வளர்க்கலைன்னா எப்படிங்க? நம்மூர் கடைகளில் 'ஃபைட்டர்' என்று விற்பார்களே, அதோட சொந்த ஊரே தாய்லாந்துதான். இங்கே பேரு 'பிளா கட்', அதாவது கடிக்கிற மீன். 2019-இல் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்துவிட்டார்கள்!

சதுசாக் சந்தையில் வரிசையாக பாட்டில்கள், நடுவே அட்டை. அட்டையை உருவினால் போச்சு, பக்கத்து ஆண் மீனைப் பார்த்து செவுளை விரித்துக்கொண்டு சண்டைக்கு நிற்கும். நீள வால் அழகுதான். ஆனா அதை இழுத்துக்கிட்டு நீந்தவே திணறும், சீக்கிரம் கிழியவும் செய்யும். முதல் மீனுக்கு குட்டை வால்தான் என் ஓட்டு. துடுப்பை மடக்கிக்கிட்டு அடியில் கிடந்ததையெல்லாம் விட்டுட்டு, விரலைக் கண்டதும் முன்னால் வந்த ஒரு நீலப்பயலைத் தூக்கினேன்.

மேலே வந்து காற்றைக் குடிக்கிற மீனாச்சே, பாட்டிலே போதும் என்றார் கடைக்காரர். அது வியாபாரக் கணக்கு. 20 லிட்டர் தொட்டி, குளோரின் போக்கிய தண்ணி, எகிறிக் குதிக்காம இருக்க ஒரு மூடி. தண்ணி 24-28 டிகிரியில் இருக்கணும். இந்த ஊர் வெயிலுக்கு ஹீட்டர் வேண்டாம், ராத்திரி ஏசி போடத்தான் யோசிக்கணும்.

ஒரே கவலை. பயலுக்கு ஆயுசு சுமார் மூணு வருஷம், என் படிப்போ இன்னும் ஒன்றரை வருஷம். ஊருக்குத் தூக்கிட்டுப் போறது நடக்கிற காரியமா? எதிர் ரூம் ஜூனியரை இப்பவே தீனி போடப் பழக்கறேன். மூணு உருண்டை போடுடான்னா பாசத்தில் பத்து போடறான், அதான் பயமா இருக்கு.