இரவில் மிச்சமாகும் மின்சாரம்

ஒரு நகரம் தன் மின்சாரத்தை எங்கிருந்து பெறுகிறது என்பதைப் போலவே, அதை எந்த நேரத்தில் செலவிடுகிறது என்பதும் முக்கியமானது. சூரிய மின்தகடுகள் பகலில் மட்டுமே மின்சாரம் தருகின்றன. தெருவிளக்குகளோ பொழுது சாய்ந்த பிறகே எரிகின்றன. ஆகவே, அனல்மின் நிலையங்களைப் பெரிதும் நம்பியிருக்கும் இந்தியாவில், தெருவிளக்கில் மிச்சமாகும் யூனிட் பெரும்பாலும் நிலக்கரியில் மிச்சமாகும் யூனிட்டே ஆகும். இதைக் கண்கூடாகக் காட்டும் நகரம் ஆந்திரத்தின் விசாகப்பட்டினம்.

2014 அக்டோபர் 12 அன்று கரையைக் கடந்த ஹுத்ஹுத் புயல், அந்நகரின் மின்கம்பங்களைச் சாய்த்து அதை இருளில் ஆழ்த்தியது. சீரமைப்பின்போது பழைய விளக்குகளையே மீண்டும் மாட்டாமல், சுமார் 90 ஆயிரம் தெருவிளக்குகள் எல்.இ.டி. விளக்குகளாக மாற்றப்பட்டன. இதற்கான முதலீட்டை மத்திய மின்துறையின் கீழ் இயங்கும் ஈ.ஈ.எஸ்.எல். நிறுவனம் ஏற்றுக்கொள்ள, குறைந்த மின்கட்டணத்தால் கிடைக்கும் மிச்சத்திலிருந்து மாநகராட்சி அதைத் தவணைகளாகத் திருப்பிச் செலுத்தும் ஏற்பாடு செய்யப்பட்டது. கையில் பணமில்லாத உள்ளாட்சிக்கும் கைகொடுக்கும் இதே முறையில்தான், 2015 ஜனவரியில் தேசியத் தெருவிளக்குத் திட்டம் நாடெங்கும் தொடங்கப்பட்டது.

பழைய சோடியம் விளக்கில், குழலில் அடைபட்ட சோடியம் ஆவியின் ஊடே மின்சாரம் பாய்ந்து மஞ்சள் ஒளி பிறக்கிறது. அவ்வொளி எல்லாத் திசைகளிலும் சிதறுவதால், கூண்டுக்குள்ளும் வானத்திலும் ஒரு பகுதி வீணாகிறது. எல்.இ.டி. என்பது மின்சாரத்தை நேரடியாக ஒளியாக மாற்றும் குறைகடத்திச் சில்லு. அதன் ஒளி முன்பக்கமாகவே பாய்வதால், அதைச் சாலையை நோக்கித் திருப்பிவிடுவது எளிது. எடுத்துக்காட்டாக, 150 வாட் சோடியம் விளக்கின் இடத்தில் 70 வாட் எல்.இ.டி. விளக்கைப் பொருத்தி, இரவுக்கு 11 மணி நேரம் எரியவிட்டால், ஆண்டுக்குச் சுமார் 320 யூனிட் மிச்சமாகும்.

இந்தக் கணக்கை நகரின் சூரிய மின் உற்பத்தியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2018-இல் முடசர்லோவா நீர்த்தேக்கத்தில் மாநகராட்சி 2 மெகாவாட் மிதக்கும் சூரிய மின்நிலையத்தை அமைத்தது. மிதவைகள் மேல் பொருத்தப்படும் மின்தகடுகள் புதிதாக நிலம் கேட்பதில்லை. நீரின் குளிர்ச்சியால் அவற்றின் திறன் கூடுகிறது. அவை தரும் நிழலால் நீர் ஆவியாவதும் குறைகிறது. இவ்வளவு நன்மைகள் கொண்ட அத்தகைய நிலையம் ஆண்டுக்குத் தோராயமாக 30 லட்சம் யூனிட் தருமென்றால், மேலே கண்ட கணக்கின்படி ஒன்பதாயிரத்துச் சொச்சம் தெருவிளக்குகளை மாற்றினாலே அந்த அளவு மின்சாரம் மிச்சமாகிவிடும்; அதுவும் சூரியன் இல்லாத இரவு நேரத்தில் மிச்சமாகும்.

இதனால் சூரிய மின்சாரம் தேவையற்றது என்று ஆகிவிடாது. நகரை அடுத்துள்ள சிம்மாத்ரி அனல்மின் நிலையத்தின் நீர்த்தேக்கத்தில் என்.டி.பி.சி. நிறுவனம் 2021-இல் 25 மெகாவாட் மிதக்கும் மின்நிலையத்தை இயக்கத் தொடங்கியது. அருகே நிற்கும் அனல்மின் நிலையத்தின் திறனோ 2,000 மெகாவாட். நிலக்கரியின் இடத்தைத் தூய ஆற்றல் பிடிக்க இன்னும் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதை இவ்விரு எண்களும் சொல்கின்றன. தேவை குறையக் குறைய, அந்தத் தூரமும் குறையும்.

சிக்கனம் ஒன்றே நல்ல வெளிச்சம் ஆகிவிடாது. ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகால் குறிப்பர். எண் கூடக் கூட ஒளியில் நீலம் மிகும். நீலம் மிகுந்த ஒளி கண்ணைக் கூசச் செய்வதோடு உறக்கத்தையும் பாதிக்கக்கூடும் என்பதால், தெருவிளக்குகளுக்கு 3,000 கெல்வினுக்கு மேற்படாத ஒளியே ஏற்றது என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016-இல் பரிந்துரைத்தது. விசாகப்பட்டினத்துக்கு இது இன்னொரு வகையிலும் பொருந்தும். அதன் கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. இரவில் பொரிந்து வெளிவரும் குஞ்சுகள், ஒளி மிகுந்த திசையே கடல் என்று கொண்டு நகர்பவை. கரையோர விளக்குகள் கடலை விடப் பிரகாசித்தால், குஞ்சுகள் சாலையை நோக்கி ஊர்ந்து மடிகின்றன. விளக்குக்கு மேல்மறைப்பு இட்டு, செம்மஞ்சள் ஒளியைப் பயன்படுத்தி, நடமாட்டம் ஓய்ந்த நேரத்தில் வெளிச்சத்தைத் தணித்தால், அக்குஞ்சுகளும் பிழைக்கும், மின்சாரமும் மிஞ்சும்.

எனவே ஒரு நகராட்சி முதலில் செய்ய வேண்டியது, தன் விளக்குகளைக் கணக்கெடுத்து, வீணாகும் ஒளியை நிறுத்துவதாகும். அதன் பிறகு எஞ்சும் தேவைக்குக் கூரைகளிலும் நீர்நிலைகளிலும் சூரிய மின்சாரத்தைத் திரட்டி, அதில் ஒரு பகுதியை மின்கலங்களில் இரவுக்கெனச் சேமிக்க வேண்டும். இந்த வரிசையைப் பின்பற்றினால் செலவு குறையும். மாற்றினால், வீணாகும் வெளிச்சத்துக்காகவே புதிய மின்நிலையங்களைக் கட்டிக்கொண்டிருக்க நேரும்.