17 சதத்தை அளக்கும் கருவி எது?

புது தில்லி: கொள்முதலுக்கு வரும் நெல்லில் ஈரப்பதம் 17 சதத்தைத் தாண்டக் கூடாது என்பது மத்திய அரசு நாடு முழுமைக்கும் விதித்துள்ள வரையறை. அறுவடை நேரத்தில் மழை பெய்யும்போதெல்லாம் இதைத் தளர்த்தக் கோரி மாநிலங்கள் தில்லியின் கதவைத் தட்டுகின்றன. 2025 அக்டோபரில் தமிழகம் 22 சதம் வரை அனுமதி கோரியது. மத்தியக் குழுக்கள் வந்து பார்த்தன. சதத்தைப் பற்றி இவ்வளவு வாதம் நடக்கிறது. அதை அளக்கும் கருவியைப் பற்றி அவையில் யாரும் அதிகம் கேட்பதில்லை.

கொள்முதல் நிலைய மீட்டர்கள் பெரும்பாலும் தானியத்தின் மின்தடையை அல்லது மின்தேக்குத் திறனை அளந்து ஈரத்தைக் கணிப்பவை. ஒரு கைப்பிடி நெல்லில் எடுத்த அளவு, வண்டி நிறைய வந்த நெல்லின் விதியை முடிவு செய்கிறது. மீட்டர் 19 சதம் காட்டினால் விவசாயி நெல்லை மீண்டும் களத்தில் கொட்டி உலர்த்த வேண்டும். 17 சதத்துக்கு வரும்போது 100 கிலோவில் சுமார் 2.4 கிலோ எடை குறைந்திருக்கும். இடையே மழை வந்தால் நெல் முளைத்துவிடும்.

இங்கேதான் நுண்ணலைச் சென்சார் ஆய்வுகள் கவனத்துக்குரியவை. ஒரு பொருள் மின்புலத்துக்கு எப்படி வளைந்து கொடுக்கிறது என்பதைக் குறிக்கும் ஒப்புமை விடுதிறன், தண்ணீருக்கு ஏறத்தாழ 80. உலர்ந்த தானியத்துக்கு ஒற்றை இலக்கம்தான். எனவே சிறிது ஈரம் கூடினாலும் அளவு மாறும்.

அதைப் பிடிக்க, சர்க்கியூட் அட்டையில் ஓரிடத்தில் வெட்டுப்பட்ட சிறு செப்பு வளையம் பொறிக்கப்படுகிறது. பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜான் பென்ட்ரி குழுவினர் 1999-ல் முன்வைத்த இந்த வளையமே 'மெட்டாமெட்டீரியல்' எனப்படும் செயற்கைக் கட்டமைப்பின் அடிப்படை அலகு. 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 12.5 செ.மீ.; வளையமோ அதைவிட மிகச் சிறியது. வெட்டுவாயில் மின்புலம் குவிகிறது. அருகே ஈரத் தானியத்தை வைத்தால் ஒத்ததிர்வு அதிர்வெண் கீழிறங்குகிறது. அந்த இறக்கமே அளவு. தானியத்தை அரைக்க வேண்டியதில்லை.

இந்தியாவுக்கு இது அந்நியமானதல்ல. முறுக்கிய சணல் நார்க் கட்டுகளின் வழியே நுண்ணலையைச் செலுத்தி, அதன் தளம் திரும்புவதைக் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் 1898-லேயே காட்டினார். செயற்கைக் கட்டமைப்புகளின் முன்னோடி என அதை ஆய்வாளர்கள் குறிப்பிடுவதுண்டு.

ஆனால் சிக்கல் வடிவமைப்போடு முடிவதில்லை. வெட்டுவாயின் அகலம் ஒரு நெல்மணியைவிடக் குறைவு. கூர்மையை அதிகரிக்க அதை மேலும் குறுக்கினால், மணிகளுக்கிடையேயுள்ள காற்றும் அளவைக் கெடுக்கும். வெப்பநிலை, நெல் ரகம், குவியலின் அடர்த்தி ஆகிய ஒவ்வொன்றும் எண்ணை நகர்த்தும். ஆய்வகத்தில் அதிர்வெண்ணைப் படிக்கும் பகுப்பாய்வுக் கருவியோ பல லட்சம் ரூபாய் விலையுள்ளது. கொள்முதல் நிலையத்துக்கு அதை எடுத்துச் செல்ல முடியாது.

அரசு அங்கீகாரம் பெற்ற சோதனை மையங்கள் சரிபார்க்கத்தக்க கருவிகளின் பட்டியலில் ஈரப்பத மீட்டரையும் 2025-ல் மத்திய அரசு சேர்த்தது. அது நல்ல தொடக்கம். புதிய சென்சாருக்கோ, ஒவ்வொரு ரகத்தையும் உலர்கலனில் காயவைத்து எடைபார்த்து, அதனோடு ஒப்பிட்டுத் தனி அட்டவணையே தயாரித்தாக வேண்டும். உணவு, வேளாண்மை, அறிவியல் ஆகிய மூன்று அமைச்சகங்களில் அந்த வேலை யாருடையது என்பதே அவையில் கேட்கப்பட வேண்டிய கேள்வி.