மருத்துவர் வேறு மருத்துவமனைக்குச் சென்றுவிட்டால்

பல ஆண்டுகளாக ஒரே மருத்துவரிடம் சிகிச்சை பெற்று வருவோருக்கு, "டாக்டர் இப்போது இங்கு இல்லை" என்னும் விடை பெருங்கலக்கம் தருவது. சிகிச்சை பாதியில் நிற்கும்போது அக்கலக்கம் இரட்டிப்பாகிறது. அவர் சென்ற இடத்துக்கு நாமும் செல்லலாமா, ஏதேனும் ஒப்பந்தம் தடுக்குமா என்று எங்களிடம் தயங்கித் தயங்கிக் கேட்போர் உண்டு.

பணியிலிருந்து விலகிய மருத்துவர் குறிப்பிட்ட காலம்வரை, குறிப்பிட்ட தொலைவுக்குள் வேறு மருத்துவமனையில் சேரவோ, சொந்தமாகக் கிளினிக் தொடங்கவோ கூடாது என நியமன ஒப்பந்தத்தில் சேர்க்கப்படும் நிபந்தனையைப் போட்டித் தடை விதி என்பர். பெரும் பொருட்செலவில் கருவிகள் வாங்கி, செவிலியரைப் பயிற்றுவித்து ஒரு துறையை உருவாக்கிய நிருவாகம், அதன் மருத்துவர் அடுத்த தெருவிலேயே பணி தொடங்குவதை விரும்பாது. நாங்களும் ஒரு மருத்துவமனையே என்பதால் அக்கவலையை அறிவோம்.

ஆயினும் சட்டம் அக்கவலைக்கு முழுதும் இடங்கொடுக்கவில்லை. ஒருவர் சட்டப்படியான தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு அந்த அளவிற்குச் செல்லாது என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 27ஆம் பிரிவு. தம் தொழிலை அதன் நன்மதிப்போடு விற்றவர்க்கே விதிவிலக்கு. ஒப்பந்தக் காலத்துக்குள் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற தடையை உச்ச நீதிமன்றம் 1967இல் ஏற்றுக்கொண்டது. ஒப்பந்தம் முடிந்த பின்னும் நீளும் தடை செல்லாது என்று 2006இல் கூறியது. அவ்வழக்கு கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் தொடர்பானது. பந்துவீச்சாளருக்கும் மருத்துவருக்கும் இதில் சட்டம் ஒன்றே. எனினும் முன்னறிவிப்புக் காலத்தை நிறைவு செய்வதும், நோயாளிகளின் இரகசியத்தைக் காப்பதும் மருத்துவரின் கடமையாகவே நீடிக்கின்றன.

அவ்வொப்பந்தம் எவ்வாறிருப்பினும் அது மருத்துவருக்கும் நிருவாகத்துக்கும் இடைப்பட்டது. நோயாளி அதில் கையொப்பமிட்டவர் அல்லர். விரும்பிய மருத்துவரிடம் செல்ல எவர் அனுமதியும் அவருக்குத் தேவையில்லை.

நடைமுறையில் இடர் விளைவிப்பது பெரும்பாலும் ஆவணங்களே. உள்நோயாளியின் பதிவேடுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்றும், நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் வழங்க வேண்டும் என்றும் 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் கூறுகின்றன. வாய்மொழியாக அன்றி எழுத்து வடிவில் விண்ணப்பித்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலையும் வாங்கிக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. அறுவைச் சிகிச்சைக் குறிப்பு, ஸ்கேன் படங்கள் அடங்கிய குறுந்தகடு, ஸ்டென்ட் பொருத்தியிருப்பின் அதன் விவரம், புற்றுநோயாயின் பயாப்சி அறிக்கையோடு அதன் ஸ்லைடுகள் ஆகியவற்றையும் கேளுங்கள். புதிய மருத்துவமனை உங்கள் காப்பீட்டுத் திட்டத்தின் பட்டியலில் உள்ளதா என்பதை அங்குச் சேருமுன் உறுதி செய்துகொள்ளுங்கள்.