குமரிக்கு எதிர்க்காற்று

நெடும் பிரயாணத்தில் எந்த நாள் மிகக் கடினமானது என்று கேட்டால் பெரும்பாலோர் முதல் நாள் என்றே சொல்வார்கள். முதல் நாள் தொடை கடுக்கும். ஆசனத்தில் உட்கார்ந்த இடம் நோகும். வீட்டு நினைவு வந்து வாட்டும். ஆனால் இவையெல்லாம் மூன்றாம் நாளுக்குள் பழகிப்போகின்றன. பதினெட்டு நாள் தன்னந்தனியாகச் சைக்கிள் மிதித்துவிட்டுப் பத்தொன்பதாம் நாளைக் கண்ட நாம் சொல்வது வேறு. கடைசி நாள்தான் ஆளை வதைப்பது. அன்று விடியுமுன்பே மனம் முந்திக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்துவிடுகிறது. உடம்போ இன்னும் 90 கிலோமீட்டர் பின்னால் கிடக்கிறது. அதை இழுத்து வரத் துணைக்கு மனமும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகையில், தமிழ்நாட்டுக் கடற்கரையின் நீளம் 1,076 கிலோமீட்டர் என்று வருஷந்தோறும் கரும்பலகையில் எழுதி வந்தோம். எழுதி எழுதி அந்த எண் வெறும் எண்ணாகவே நின்றுவிட்டது. அதைக் காலால் அறிந்து பார்ப்போமே என்று 2023ஆம் வருஷம் கோடை விடுமுறையில் பழவேற்காட்டிலிருந்து கன்னியாகுமரிக்குப் புறப்பட்டோம். வண்டி, நாம் தினந்தோறும் பள்ளிக்கு ஓட்டிச் செல்லும் பழைய இரும்புச் சைக்கிள்தான். கியர் முதலிய நவீன சாதனம் எதுவும் அதில் கிடையாது. "இதனால் யாருக்கு என்ன லாபம்?" என்று வீட்டில் கேட்டார்கள். அதற்கு இன்றுவரை நம்மிடம் பதில் இல்லை. ஆனால் வகுப்பில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தோம்: வழியில் ஓர் அடி தூரங்கூட வேறு வாகனத்தில் ஏறமாட்டோம் என்று. "நெசமாவா சார்?" என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. அந்தக் குரல் பதினெட்டு நாளும் கூடவே வந்துகொண்டிருந்தது.

மாமல்லபுரத்தையும், 1930இல் உப்பு அள்ளிய வேதாரண்யத்தையும், 1964ஆம் வருஷப் புயலில் அழிந்த தனுஷ்கோடியையும், வ. உ. சிதம்பரம் பிள்ளை கப்பல் விட்ட தூத்துக்குடியையும் பற்றி இங்கே விஸ்தரிக்கப்போவதில்லை. அவற்றைப் பற்றி எழுதியவர்கள் அநேகர். ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் கடந்து திருச்செந்தூர் வந்து சேர்ந்தபோது வைகாசி விசாகம். கடற்கரை முழுவதும் காவி வேஷ்டியும் காவடியுமாக ஒரே ஜன சமுத்திரம். விசாகத்தன்று அங்கேயே தங்கிவிட்டதால், இரண்டு நாளில் போகவேண்டிய மிச்ச வழியை ஒரே நாளில் முடிக்க வேண்டியதாயிற்று. மறுநாள் மாலை ரயிலுக்குக் குமரியில் டிக்கெட் வாங்கி வைத்திருந்தோம். அன்றிரவு அறை கிடைக்கவில்லை. ஆயிரக்கணக்கான பக்தர்களைப் போல மணலில் துண்டு விரித்துப் படுத்தோம். தூங்கினோம் என்று சொல்ல முடியாது.

காலை நாலரை மணிக்குப் புறப்பட்டோம். இருட்டில் குலசேகரன்பட்டினம் வந்தது. 1942ஆம் வருஷப் போராட்டத்தின்போது இவ்வூரில் லோன் என்ற வெள்ளைக்கார உப்பு அதிகாரி கொல்லப்பட்டதும், அவ்வழக்கில் காசிராஜன், ராஜகோபாலன் என்னும் இளைஞர் இருவர் தூக்குத் தண்டனை பெற்றுப் பின்னர் உயிர் தப்பியதும் நம்மில் பலர் மறந்துவிட்ட செய்திகள். மணப்பாட்டை அடைந்தபோது நன்றாக விடிந்திருந்தது. கடலுக்குள் நீண்ட குன்றின்மேல் நிற்கும் வெள்ளைக் கோயிலைப் பார்த்தபடி இட்டிலி தின்றோம். அதுவரை காற்று எழவில்லை. இப்படியே போனால் பிற்பகல் மூன்று மணிக்குக் குமரியில் நீராடலாம் என்று கணக்கிட்டோம்.

எட்டு மணிக்குக் காற்று எழுந்தது.

இதன் பூகோளத்தைச் சற்றுச் சொல்லிவிடுவது நல்லது. மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே வந்து முடியுமிடத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் இருக்கிறது. தென்மேற்குப் பருவக் காற்று, மலைச் சுவரில் மோதி நின்றது போக, மிச்சமுள்ளது இந்த வாசல் வழியாக நெருக்கியடித்துக்கொண்டு கிழக்கே பாய்கிறது. குறுகலான இடத்தில் ஆறு வேகங் கொள்வதைப் போலத்தான் இதுவும். முப்பந்தலில் இந்தியாவின் மிகப் பெரிய காற்றாலைத் தொகுதிகளுள் ஒன்றை அமைத்திருப்பதற்குக் காரணம் இதுவே. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இந்தப் பக்கத்தில் காற்று ஆடி மாதம் வரை காத்திருப்பதில்லை. திருச்செந்தூரிலிருந்து குமரிக்குச் செல்லும் சாலையோ தென்மேற்கு நோக்கியே போகிறது. அதாவது, நாம் போகவேண்டிய திசையிலிருந்துதான் அது வந்துகொண்டிருந்தது.

மலை ஏறுபவனுக்கு ஓர் ஆறுதல் உண்டு. ஏறினால் இறக்கம் வரும். எதிர்க்காற்றுக்கு இறக்கமே கிடையாது. காற்றின் தடை, அதன் வேகத்தின் வர்க்கத்தை ஒட்டிப் பெருகுவது. மணிக்கு 20 கிலோமீட்டர் போகிறவனுக்கு எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், அவன் உடம்பில் மோதும் காற்றின் வேகம் இரட்டிப்பாகிறது. தடை நான்கு மடங்காகிறது. அதே உழைப்பில் போனால் வண்டியின் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். பௌதிகத்தில் இதைப் படித்ததுண்டு. தொடை அதைப் படித்தது அன்றுதான். சமதரையில் எழுந்து நின்று மிதித்தோம். மிதிப்பதை நிறுத்தினால் நாலு கஜத்தில் வண்டி நின்றுவிடும்.

பெரியதாழைக்கு முன்பு பின் சக்கரத்தில் சீமைக் கருவேல முள் ஏறியது. பஞ்சர் ஒட்டுவது நமக்குப் புதிதல்ல. டியூபைக் கழற்றி, உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டியாயிற்று. ஆனால் டயருக்குள் இருக்கும் முள்ளைத் தேடி எடுக்காமல் மாட்டினால் மறுபடியும் குத்தும். உட்புறம் விரலால் தடவித்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். பல நாள் கைப்பிடியில் உள்ளங்கையை ஊன்றிச் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு மணிக்கட்டின் வழியே செல்லும் நரம்பு அழுந்தி, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போவதுண்டு. நமக்கு அன்று மற்ற விரல்களும் சேர்ந்து மரத்திருந்தன. மூன்று முறை சுற்றித் தடவியும் முள் அகப்படவில்லை. பத்து வயதுச் சிறுவன் ஒருவன் ஆட்டை விட்டுவிட்டு வந்து பார்த்துக்கொண்டிருந்தான். "குடுங்க சார்" என்று வாங்கி, ஒரே தடவலில் கண்டுபிடித்து, பல்லால் கடித்து இழுத்துத் துப்பினான். என்ன வகுப்பு படிக்கிறான் என்று கேட்டோம். "லீவு சார்" என்று சொல்லிவிட்டு ஆட்டைப் பார்க்க ஓடிவிட்டான். நம் தொழில் அவனுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது போலும்!

இருபுறமும் செந்நிறத் தேரி மணல். பனைகளைத் தவிர நிமிர்ந்து நிற்பது ஒன்றுமில்லை. காற்று அந்த மணலை வாரி முழங்காலில் ஊசி ஊசியாகக் குத்தியது. உவரியை நெருங்குகையில் நமக்குத் திடீரென்று கை நடுங்கியது, கண் மங்கியது, காரணமில்லாமல் அழுகை வந்தது. இது பயமோ துக்கமோ அல்ல. தசையிலும் ஈரலிலும் சேமித்து வைத்த சர்க்கரை மொத்தம் 2,000 கலோரி அளவுதான். அது தீர்ந்துவிட்டால் மூளைக்கே பட்டினி. பனையடியில் பதநீர் வைத்திருந்த ஒரு பாட்டி நம்மைப் பார்த்துக் கேட்டாள்: "ஏன் தம்பி, ஒத்தையிலயா வாரிய? மொகம் வெளுத்துப் போச்சே!"

"ஆமாம் ஆச்சி. பழவேற்காட்டிலிருந்து."

"அது எங்கன கெடக்கு?"

"மெட்ராசுக்கும் வடக்கே."

அவள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. பட்டை பிடித்துப் பதநீர் வார்த்தாள். இரண்டு நுங்கு சீவிப் போட்டாள். மடியிலிருந்து ஒரு துண்டு கருப்பட்டியும் எடுத்துக் கொடுத்தாள். கருப்பட்டிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டாள். கால் மணிக்குள் உலகம் மறுபடியும் நிறங்கொண்டது. வெயில் தாழும்வரை அந்தப் பனையோலைப் பந்தலிலேயே படுத்திருந்தோம்.

மூன்று மணிக்கு எழுந்தபோது காற்று இன்னும் பலத்திருந்தது. கூடங்குளத்துப் பக்கம் எங்கு பார்த்தாலும் காற்றாலைகள். காற்றாலை தன் முகத்தைக் காற்று வரும் திசைக்கே திருப்பிக்கொள்வது. நாம் கண்டதோ அத்தனை காற்றாலைகளின் முதுகையும்தான். அவ்வளவும் நமக்கு முன்னே நின்று, நாம் போகவேண்டிய பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. இதைவிடத் தெளிவாக ஒருவனுடைய நிலைமையை அவனுக்கு எடுத்துச் சொல்ல முடியாது.

கூடங்குளம் தாண்டி, வண்டியை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகையில் ஒரு மீன் வண்டி பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் இளைஞர். "அண்ணாச்சி, கன்னியாரிக்குத்தான் போறேன். சைக்கிளைத் தூக்கி மேல போடுங்க, அரை மணி நேரத்துல விட்டுடுதேன்" என்றார். 25 கிலோமீட்டர் பாக்கி. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஏறினால் கேட்பாரில்லை; பள்ளிக்கூடத்துப் பையன்களுக்குத் தெரியவும் போவதில்லை. உண்மையைச் சொன்னால், வண்டியின் பின்கதவில் கைவைத்துவிட்டோம். வீம்பு என்று சொல்வதா, விரதம் என்று சொல்வதா? இரண்டுமல்ல என்றே இப்போது தோன்றுகிறது. ஏறிவிட்டால் கரும்பலகையில் அந்த 1,076ஐ எழுதும்போதெல்லாம் இந்த மீன் வண்டி ஞாபகம் வரும், அவ்வளவுதான். "வேண்டாம் தம்பி, மெல்ல வந்துடறேன்" என்றோம். "சரி அண்ணாச்சி, பாத்து வாங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டுப் போனார். சிவப்பு விளக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றோம்.

பிறகு நடந்ததில் பாதி நினைவில்லை. தூரத்தை எண்ணுவதை விட்டுவிட்டு மின் கம்பங்களை எண்ணினோம்: பத்துக் கம்பம் மிதிப்பது, இரண்டு கம்பம் நடப்பது. அஞ்சுகிராமத்துக்குப் பிறகு சாலை தெற்கே திரும்பியதும் காற்று பக்கவாட்டில் வந்தது. அது சௌகரியம் என்று எண்ண வேண்டாம். திடீர் திடீரென்று வண்டியைச் சாலையின் ஓரத்துக்குத் தள்ளியது. சூரியாஸ்தமனத்தைக் குமரியில் காணும் பாக்கியம் கிட்டவில்லை. அதற்குப் பதிலாகக் கிழக்கே, விசாகத்துக்கு மறுநாளைய நிலா, பூரணத்துக்குச் சற்றே குறைந்த வட்டமாக, கடலின்மேல் ஏறிக்கொண்டிருந்தது.

இரவு எட்டரை மணிக்குக் காந்தி மண்டபத்தருகே சாலை தீர்ந்தது. இறங்க முயன்றோம், கால் தூக்கவில்லை. வண்டியை மெல்லச் சாய்த்து, அதனோடேயே தரையில் உட்கார்ந்தோம். விளக்கொளியில் விவேகானந்தர் பாறையும் 133 அடி வள்ளுவரும் தெரிந்தனர். சட்டையெங்கும் வியர்வை உலர்ந்து வெள்ளைக் கோடுகளாக உப்புப் பூத்திருந்தது. வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னோம்.

"வந்தாச்சா? சாப்பிட்டீங்களா?" என்றார்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

பூகோள ஆசிரியர் எவரேனும் இதைப் படித்தால் உடனே ஆட்சேபிப்பார்: தமிழ்நாட்டுக் கடற்கரை குமரியில் முடியவில்லையே, மேற்கே நீரோடி வரை இருக்கிறதே என்று. வாஸ்தவந்தான். அந்தப் பாகத்தை வேறொரு விடுமுறைக்கு வைத்திருக்கிறோம். அதற்குக் காற்றில்லாத மாதமாகப் பார்த்துப் போக உத்தேசம். மறுநாள் மாலை ரயில் நிலையத்தில் சைக்கிளைப் பார்சலில் போடச் சென்றபோது, குமாஸ்தா படிவத்தை நீட்டி, சாமானின் பெறுமானம் என்ன என்று கேட்டார். சற்று யோசித்துவிட்டு, 1,500 ரூபாய் என்று எழுதிக் கொடுத்தோம்.